இடையில் ஒன்றும் இல்லை

விடைத்தாள் கட்டு மடியில்.
பருத்தித்துறை மினிபஸ்ஸுக்கு ஒரே கதவு.
"பின்னால போங்கோ, பின்னால இடம் கிடக்கு"
இல்லாத இடத்தைக் கைகாட்டுகிறான் நடத்துனர்.
கடைசியாய் ஏறியவர் முதலில் இறங்கலாம்.
முதலில் ஏறியவர் இறங்குவதென்றால்
மற்ற எல்லோரும் இறங்கி ஏற வேண்டும்.
இதைத்தான் அடுக்கு என்று
மூன்று வாரம் கரும்பலகையில் பெட்டி பெட்டியாய்க் கீறினேன்.
பிள்ளைகளை பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்திருக்கலாம்.

நாலாம் கேள்வி:
சூழல்சாரா மொழியொன்றில்
நீளம் கூடக் கூடச் சொற்கள் எப்படிப் பெருகும்?
இரண்டே விதம் என நிறுவுக.

ஒன்று, அருகிய மொழி.
இந்த வீதி மாதிரி.
கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர்.
எங்கேயும் எத்தனை நிமிடமும் நிற்கலாம்,
நிற்காமலும் போகலாம்,
கடந்துபோன தரிப்பிடத்துக்கு மட்டும் திரும்ப ஏலாது.
ஒரு மணித்தியாலத்தை ஐந்து இடங்களுக்குப்
பங்குபோட எத்தனையோ வழி.
ஆனாலும் நேரத்தை இரட்டித்தால்
வழிகள் பதினாறு மடங்கைத் தாண்டா.
வாழைத் தோட்டங்கள் பின்னால் போகின்றன
வரிசை குலையாமல்.

மற்றதுக்கு அதிகம் தேவையில்லை.
ஒரு குறியீடு புறப்பட்டுத் தன்னிடமே வந்து சேர
இரண்டு சுற்றுவழி.
ஒன்றில் மழை என்று உதிரட்டும்,
மற்றதில் வெயில் என்று.
மழைவெயில் வேறு, வெயில்மழை வேறு.
வெங்காயம் பிடுங்கிப் பரப்பியவரைக் கேளுங்கள்,
எது முதலில் வந்தது என்பதில்
ஒரு வருடக் கடன் தொங்குகிறது.
அந்த முன்பின் போதும்.
பத்துத் திருப்பத்தில் ஆயிரத்து இருபத்துநாலு சொல்,
முப்பதில் நூறு கோடிக்கு மேல்.
இரண்டு வழியிலும் மழை, மழைமழை என்றே உதிர்ந்தால்
எப்படிக் கோர்த்தாலும் மழைதான்,
அங்கே ஒன்றும் நடக்காது.

புத்தகத்தில் இதற்கு வெடிப்பு என்று போட்டிருக்கிறது.
நான் வகுப்பில் பெருக்கம் என்றுதான் சொல்வது.

ஒன்றில் படிப்படியாய் ஏறும், அல்லது பெருக்கெடுக்கும்.
இடையில் ஒன்றும் இல்லை.
நிறுவல் முக்கால் பக்கம்.

சுட்டெண் நாற்பத்தேழு நிறுவவில்லை.
ஒரே ஒரு வரி, குண்டு எழுத்தில்:
"இடையிலயும் ஏதோ இருக்க வேணும் எண்டு நினைக்கிறன், நேரம் காணாது."
'இருக்க வேணும்' என்பதன் கீழ் இரண்டு கோடு.
பூச்சியம் போட்டு மூடினேன்.

அவரங்காலில்,
கடைசி வரிசையிலிருந்து ஒருவர்
தையல் மெஷின் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி
"நிப்பாட்டுங்கோ" என்றார்.
நடந்தது நான் கீறிய படம்தான்:
ஒவ்வொருவராய், கடைசி முதலாக,
எல்லோரும் தார் வீதியில்.
மெஷின் இறங்கியது. ஏறும்போதுதான்
படத்தில் இல்லாத ஒன்று.
நடத்துனர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை,
பக்கத்தில் நின்றவரைப் பார்த்து
"நீங்கள் எதில இறங்கிறது?"
நெல்லியடி பின்வாங்கிக்கொள்ள
பருத்தித்துறை முன்னால் ஏறியது.

சூழல்சாரா என்பது வேறென்ன,
பக்கத்தில் யார் நிற்கிறார் என்று கேளாமல்
ஒரு குறியீடு தன்னை மாற்றிக்கொள்வது.
முக்கால் பக்கமும் அந்தக் கேளாமையின் மேல்தான் நிற்கிறது.
கேட்கத் தொடங்கிவிட்டால்
படியை விட வேகமாய், பெருக்கை விட மெதுவாய்
வளர்கிற மொழிகள் உண்டு.
பாடத்திட்டத்தில் இல்லை.
நேரம் காணாது.

வல்லை வெளி.
எண்ணிவிடலாம் போல அங்கங்கே பற்றை,
உப்புக்காற்று கட்டைப் புரட்டிப் பார்க்கிறது,
முழங்கையால் அழுத்திப் பிடித்து
நாற்பத்தேழைத் தேடி எடுத்தேன்.
பூச்சியத்தை வெட்டவில்லை, கேள்வி கேள்விதான்.
ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்:
இந்த மொழிகளில் இல்லை.
'இந்த' என்பதன் கீழ் இரண்டு கோடு.
பாலம் ஏறியபோது பஸ் தூக்கிப் போட்டதில்
இரண்டாவது கொஞ்சம் கோணல்.